கோச்சுக்குப் பொன்னாடை
அஜின்கோர்ட் மண்டபத்தின் கண்ணாடிச் சுவர் வழியே பனிக்கால வெயில் மேடையில் விழுகிறது. ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் கனேடிய ஃபுட்போலில் ஒரு கல்லூரி அணியை இருமுறை சாம்பியனாக்கிய கோச் ஜெயரட்ணத்துக்கு இன்று பாராட்டு விழா. அவருக்குப் பின்னால் திரையில் அந்த வெற்றிகள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. பொன்னாடை போர்த்த வரும் பழைய வீரன் துஷாந்தை அவனுடைய அம்மா தவமலர் முழங்கையில் பிடித்து மேடையேற்றுகிறார். இரண்டாவது இறுதியாட்டத்தில் ஒரு மோதலுக்குப் பிறகு, "தலை சுத்துது கோச்" என்றான் அவன். ஜெயரட்ணம் அவனுடைய தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரைத் தன் கையாலேயே இறுக்கிப் பூட்டி அவனை மறுபடி களத்துக்குள் அனுப்பினார். கோப்பை வந்தது. துஷாந்துக்கு அதன்பின் நாளும் கிழமையும் நினைவில் தங்குவதில்லை. "வடிவாப் போர்த்து, ராசா," என்கிறார் தவமலர், சிரித்தபடி. அவன் போர்த்திவிடுகிறான்; சரிகை கோச்சின் கழுத்தில் உறுத்துகிறது. ஜெயரட்ணம் பொன்னாடையைக் கழற்றி அவனுக்கே போர்த்துகிறார். என்ன பெருந்தன்மை என்று சபை கைதட்டுகிறது. நழுவும் துணியின் இரு முனைகளையும் அவனுடைய நாடிக்குக் கீழே அவர் சேர்த்துப் பிடிக்கிறார். துஷாந்த் பழக்கத்தில் நாடியை உயர்த்திக் கொடுக்கிறான். "ரெடி, கோச்," என்கிறான். "என்னைக் களத்தில இறக்குங்கோ."