வாடகை வீட்டில் கீசர்

"வாடகை வீட்டுக்கு எவனாச்சும் கீசர் மாட்டுவானா, மாப்ள?"

குளியலறை வாசலில் நின்று சோலைமுத்து கேட்டார். மேல்மலைப் போளூரிலிருந்து காரட் ஏற்றி வந்தவர், சந்தையில் இறக்கிவிட்டு, செண்பகனூரில் குடியிருக்கும் தங்கச்சி இராசாத்தியை ஒரு எட்டுப் பார்க்க வந்திருந்தார். வந்த இடத்தில் காபி குடித்தோமா, கிளம்பினோமா என்று இருக்க அவருக்குத் தெரியாது.

தங்கச்சி புருஷன் கதிர்வேல் சிரித்தான். "குளிருது மச்சான்."

"கொடைக்கானல்ல குளிராம? இத்தன வருசமா வெறகு அடுப்புல வெந்நி வெச்சுத்தானே குளிச்சீங்க. இப்ப மட்டும் என்ன புதுசா?"

கீசரோடு நின்றிருந்தால் சோலைமுத்துவும் விட்டிருப்பார். தரை பூராவும் டைல்ஸ். வெஸ்டர்ன் டாய்லெட். போதாக்குறைக்கு, கூடத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரை உடைத்து ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். கதிர்வேல் காட்டேஜ் வேலைக்குப் போகிற கொத்தனார் என்பதால் கூலி மிச்சம். சாமானுக்குப் போனதெல்லாம், சொந்தமாக ரெண்டு செண்ட் இடம் வாங்கலாம் என்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த சீட்டுப் பணம்.

"ஏத்தா இராசாத்தி, நீயாச்சும் தடுக்கக் கூடாதா?"

"ஜன்னல் வெக்கச் சொன்னதே நான்தாண்ணே," என்றாள் அவள் அடுப்படியிலிருந்து.

சரியாய்ப் போச்சு. சோலைமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இங்க பாருத்தா. இந்த ஊர்ல வாடகைக்கு இருக்கவன்லாம் கூரை ஒழுகினாலும் வாளிய வெச்சுட்டுக் கம்முனு கெடப்பான். ஏன்னு நெனச்ச? வீடு பளபளன்னு இருந்தா, சீசனுக்கு டூரிஸ்ட்டுக்கு விடலாமேன்னு ஓனருக்குப் புத்தி போயிரும். நீங்க மாசம் பூரா குடுக்குறத டூரிஸ்ட்காரன் ஒரே நாள்ல குடுப்பான். நாளைக்கே காலி பண்ணுன்னா பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவீங்க? டைல்ஸப் பேத்துட்டுப் போவீங்களோ?"

"எங்க ஓனர் டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்லண்ணே. பெரும்பாறையில எங்க எஸ்டேட் லயன் வீடு மழைக்கு இடிஞ்சு, கைப்பிள்ளையோட வாசல் வாசலா ஏறி எறங்கினப்ப, அட்வான்ஸ்கூடக் கேக்காம சாவியத் தூக்கிக் குடுத்தவங்க. கொரோனா சமயத்துல வாடகையக் கொண்டுபோனா, 'மொதல்ல அரிசி வாங்கு, போ'ன்னு வெரட்டி விட்டாங்க. அவங்களுக்கு நாங்க எந்த ஜென்மத்துல நன்றிக்கடன் தீக்கப் போறோம்?"

"நல்லவங்கதான், யாரு இல்லன்னா? ஆனா அவங்க வீட்டுக்காரர் சாருக்குக் கிட்னி போய் மதுரையில டயாலிசிஸ் நடக்குது. பென்சன் எந்த மூலைக்கு? பணமுடை வந்தா நல்ல மனுசனும் நாலையும் யோசிப்பான்த்தா. அவங்களக் கேட்டுத்தான் செஞ்சீங்களா?"

"கேட்டா வேணாம்பாங்க மச்சான்," என்றான் கதிர்வேல். "வீட்டு வரி கட்ட இன்னிக்கு வர்றாங்க. அப்பப் பாத்துக்கட்டும்."

"இன்னிக்கா?"

கேட்டு வாய் மூடவில்லை. சுந்தராம்பாள் டீச்சர் குடையை மடக்கியபடி உள்ளே நுழைந்தார். ஒரு வருஷ ஆஸ்பத்திரி அலைச்சலில் ஆள் பாதியாகியிருந்தார்.

சோலைமுத்து பாய்ந்து குளியலறைக் கதவைச் சாத்தினார். கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து ஜன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டு, "வெயில் மூஞ்சியில அடிக்குது டீச்சர்," என்றார். வெளியே பள்ளத்தாக்கே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

கதிர்வேல் அவர் கையிலிருந்து கம்பளியை மெதுவாக வாங்கிக்கொண்டான். "நீங்க நல்லாப் பாருங்க டீச்சர்."

டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து, விழுந்த வெந்நீரில் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"சொல்லவே இல்லையே கதிர்வேல். பெரிய லாட்ஜ் மாதிரி ஆக்கி வெச்சிருக்க."

"போச்சு," என்று சோலைமுத்து முணுமுணுத்தார்.

இராசாத்தி கொடுத்த காபியை டீச்சர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

"கேக்கவே நாக்கு எழ மாட்டேங்குது இராசாத்தி. வைத்தியச் செலவுக்கு இந்த வீட்ட வித்துரலாம்னு நெனச்சுத்தான் வந்தேன். இப்பப் பாத்ததும், விக்காம டூரிஸ்ட்டுக்கு ஹோம்ஸ்டேயா விட்டாலே சாரக் காப்பாத்திரலாம்னு தோணுது. ஆனா உங்க காசுல நீங்க செஞ்ச வீடு. உங்களப் போய் எப்படி நான் காலி பண்ணு..."

முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" சோலைமுத்து முன்னால் வந்தார். "டீச்சர், இது உங்களுக்கே நியாயமா இருக்கா? அன்னாடம் கூலிக்குப் போற சனங்க. இவங்க எங்க போவாங்க?"

இராசாத்தி போய் உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். பாய், தலையணை, பாத்திரம் பண்டம், பிள்ளையின் புத்தகப் பை என்று மொத்தக் குடித்தனமும் அங்கே மூட்டை மூட்டையாகக் கட்டித் தயாராக இருந்தது.

"பக்கத்துத் தெருவுல ஒத்த ரூம் பாத்து வெச்சுட்டு, இந்த வார்த்தைய எப்பச் சொல்லுவீங்கன்னுதான் டீச்சர் காத்துக் கெடக்கோம்," என்றாள் அவள். "சீட்டுப் பணத்தக் கையில குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. அதான் வீட்டுக்குக் குடுத்தோம்."