கழுத்து சுளுக்கிய அன்னம்

"ஏம்மா, இது அன்னமா? கழுத்து சுளுக்கின வாத்து மாதிரி இருக்கு!"

கட்டிலின் நடுவே குளியல் துண்டை மடித்து உட்காரவைத்திருந்த உருவத்தை சுஹார்த்தி ஒரு விரலால் தொட்டாள். அது தலை கவிழ்ந்து விழுந்தது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இருந்த அந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற இருபது பேருக்கும் சுஹார்த்திதான் மேற்பார்வை. கல்லூரியிலிருந்து வந்திருக்கிற ரெத்னோவுக்கு இன்றோடு ஒரு மாதப் பயிற்சி முடிகிறது. மூன்று மணிக்குள் படிவத்தில் 'தேர்ச்சி' என்று எழுதி சுஹார்த்தி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இன்னொரு மாதம் இங்கேயே குப்பை கொட்ட வேண்டியதுதான். திங்கட்கிழமை திறக்கிற கல்லூரிக்குள் கால் வைக்க முடியாது.

"அக்கா, புத்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கு."

"ஆரம்பிச்சிட்டியா?" சுஹார்த்தி தலையில் அடித்துக்கொண்டாள். "முதல் நாள் கதவை மூணு தடவை தட்டிட்டு, அறுபது வரைக்கும் எண்ணிக்கிட்டு நின்ன. கேட்டா புத்தகம். கட்டிலைச் செக்கு மாடு மாதிரி எட்டு சுத்து சுத்தின. கேட்டா புத்தகம். ஒரு ரூமுக்கு ஒன்றரை மணி நேரம்! அதுக்குள்ள விருந்தாளி வந்து, ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, விமானமே ஏறிடுவான்."

ரெத்னோவுக்குக் காதெல்லாம் சூடேறியது. என்ன செய்வது, கையெழுத்து வேண்டுமே. குனிந்து போர்வையின் சுருக்கத்தை நீவினாள்.

"இன்னொண்ணும் கேளு. வருஷா வருஷம் உங்க காலேஜ் பிள்ளைங்க வருது. மத்த காலேஜ் பிள்ளைங்க செஞ்சா அன்னம். உங்க பிள்ளைங்க இருபது பேர் செஞ்சா இருபதும் வாத்து. ஒரே கழுத்து, ஒரே சுளுக்கு! எங்கே, அந்தப் புத்தகத்தைக் காட்டு."

ரெத்னோ துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியின் அடித்தட்டில் கையை விட்டாள். பழுப்புத் தாளில் இறுக்கமாக அட்டை போட்டு, மூலைக்கு மூலை டேப் ஒட்டிய புத்தகம். அவளே பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். சுஹார்த்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களின்மேல் விரலை ஓட்டினாள்.

"யா அல்லாஹ்! அதானே பார்த்தேன். ரெண்டு பக்கமும் இறுக்கிச் சுருட்டணும். இதுல மடிக்கச் சொல்லியிருக்கு. மடிச்சா கழுத்து எப்படிம்மா நிக்கும்? இதை எழுதின புண்ணியவான் ஜென்மத்துல ஒரு துண்டை உதறியிருக்க மாட்டான்!"

"அப்படியாக்கா?" என்றாள் ரெத்னோ, புத்தகத்தை மெல்ல மூடியபடி.

"பின்னே? நகரு."

சுஹார்த்தி நாலு சுருட்டு சுருட்டி, ஒரு வளைப்பு வளைத்தாள். அன்னம் மிடுக்காக நிமிர்ந்து நின்றது. அடுத்து ரெத்னோ முயன்றாள். முதல் தடவை விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

"நின்னுடுச்சு அக்கா! நின்னுடுச்சு!" சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

சுஹார்த்திக்கு மனம் இளகிவிட்டது. "இந்த வயசுல புருஷன், பிள்ளையெல்லாம் விட்டுட்டுப் படிக்க வந்திருக்க. உன்னைப் போய் ஃபெயிலாக்குவேனா? கொண்டா அந்தப் படிவத்தை."

ரெத்னோ அதை இரண்டாக மடித்து, கையெழுத்துப் போடும் பாதி மட்டும் தெரியும்படி நீட்டினாள்.

சுஹார்த்தி பேனாவைத் திறந்தவள் நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. காலேஜுக்குப் போனதும் உங்க பிரின்சிபால்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இந்தப் புத்தகத்தை எழுதின ஆளை ஒரு மாசம் என்கிட்ட அனுப்பச் சொல்லு. துண்டும் கையுமா நிக்கவெச்சு, வாத்தை அன்னமாக்கித் திருப்பி அனுப்பறேன்."

'தேர்ச்சி' என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். ரெத்னோ படிவத்தை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் மாட்டினாள். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"அனுப்பிட்டாங்க அக்கா."

புத்தகத்தின் பழுப்புத் தாளை மெல்லப் பிரித்தாள். பின்னட்டையில், 'நூலாசிரியர், துறைத் தலைவர்' என்ற எழுத்துகளுக்கு மேலே, கோட்டும் கண்ணாடியுமாக ரெத்னோவே சிரித்துக்கொண்டிருந்தாள்.