முதலில் நீர் கையை எடும்

"ஓய் நாகேஸ்வரன், முதல்ல நீர் சக்கரத்துலேர்ந்து கையை எடும்!"

திருவனந்தபுரம் பவர் ஹவுஸில் பஞ்சாபகேசன் டெலிபோனில் கத்தினார். அவருடைய வலது கை, நீராவியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தின் மேல்தான் இருந்தது.

"வெறுதே கத்தாதேயும். ஆடறது உம்ம மெஷின்" என்றார், மலையடிவாரத்து நீர்மின் நிலையத்திலிருந்து நாகேஸ்வரன்.

இரண்டு நிலையங்களையும் ஒரே கம்பியில் இணைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் மீட்டரின் முள் ஆடத் தொடங்கியது. மின்சாரம் இங்கிருந்து அங்கே பாயும். உடனே அங்கிருந்து இங்கே திரும்பும். பழவங்காடிக் கடைகளில் பல்புகள் பிரகாசமாவதும் மங்குவதுமாக இருந்தன.

முள் வலப்பக்கம் போனால் பஞ்சாபகேசன் நீராவியைக் குறைப்பார். அதே நேரத்தில் அங்கே நாகேஸ்வரன் தண்ணீரைக் கூட்டுவார். முள் முன்னைவிட வேகமாக இடப்பக்கம் ஓடும். ஒருவர் சும்மா இருந்தாலே அடங்கிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் கையை எடுத்தவருடைய மெஷினில்தான் கோளாறு என்று நாளைக்குத் தலைமை ஆபீஸில் பேச்சாகிவிடும்.

"நீர் எடும்."

"நீர் எடும்!"

இருவரும் டெலிபோனை வைத்துவிட்டார்கள்.

மறுபடி மணி அடித்தது. எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் ஜெயபாய்.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் ராகேல் பேசினாவ. ஒரு பிள்ளைத்தாச்சிக்கு ஆபரேஷன் நடக்குதாம். லைட்டு அணைஞ்சிரப்பிடாதுன்னு சொல்லச் சொன்னாவ."

பஞ்சாபகேசன் மீட்டரைப் பார்த்தார். ஆட்டம் இன்னும் கொஞ்சம் பெருகினால் இணைப்பு தானாகவே துண்டாகிவிடும். ஊர் முழுக்க இருட்டு.

"அந்த மனுஷன் கேக்க மாட்டேங்கறாரே, அம்மா!"

"அவியகிட்டயும் சொல்லுதேன் சார்."

சற்று நேரத்தில் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"சார், மலை சாரு ஒரு சேதி சொன்னாவ. கோளாறு அவிய மெஷின்லதானாம். உங்ககிட்ட நேரே சொல்லக் கூச்சமா இருக்காம். மீதியை அவிய பாத்துக்கிடுவாவளாம், நீங்க கையை எடுத்தாப் போதுமாம்."

"அப்படி வரட்டும் வழிக்கு! இதை முதல்லயே ஒத்துண்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

பஞ்சாபகேசன் சக்கரத்தை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். முள் ஆடியது. கொஞ்சம் குறைவாக ஆடியது. பிறகு லேசாக நடுங்கி நின்றது. தலைக்கு மேலிருந்த பல்பு ஒரே சீராக எரிந்தது.

தாயும் பெண் குழந்தையும் சுகம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததும், அவர் மனம் இளகிவிட்டது. மலைக்கு லைன் கேட்டார்.

"நாகேஸ்வரன், தப்பை ஒத்துக்கப் பெரிய மனசு வேணும். அது உமக்கு இருக்கு, ஓய்."

"எந்தா ஓய் தப்பு? கோளாறு உம்ம மெஷின்லதான்னு நீர்தானே ஒத்துண்டு அந்தப் பெண்கிட்டச் சொல்லி அனுப்பினீர்? சரி, பாவம்னுதான் நான் கையை..."

லைன் அறுந்தது.

"ட்ரங்க் லைன்ல என்னமோ கோளாறு சார்" என்றாள் ஜெயபாய், போர்டிலிருந்து பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு.