ஆதாரம் போதாது

ஒரே கட்டுரையைப் பதினேழு முறை திருப்பி அனுப்பியவரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

இந்தோனேசியாவின் செமராங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வகிமான், இணையக் கலைக்களஞ்சியத்தில் பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் நடுவில் நிற்கும் 'அரை விளிம்பு நாடுகள்' பற்றி எழுதியிருந்தார். அதைத் தரம் பார்த்துத் திருப்பி அனுப்பியவரின் புனைபெயர் கெனாரி.

"மறுபடியும் ஆதாரம் கேக்குறான் லஸ்த்ரி, அந்தக் கெனாரிப்பய!"

"கல்நெஞ்சக்காரன்! விடாதீங்க," என்றாள் மனைவி. "சோயா தெம்பே பொரிச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு லைப்ரரிக்குப் போங்க."

ஓய்வுக்குப்பின் ஆறு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், சட்டை மாட்டிக் கிளம்பினார்.

லஸ்த்ரி தன் போனில் கெனாரியாக நுழைந்தாள். எவ்வளவு தேடியும் இன்று ஒரு குறையும் அகப்படவில்லை. 'நாளை தேர்ச்சி வழங்கப்படும்' என்று அழமாட்டாத குறையாக எழுதினாள்.

மறுநாள் காலை ஒரு குறை அகப்பட்டது: கட்டுரையின் நாடுகள் பட்டியலிலிருந்து இந்தோனேசியாவை வகிமானே நீக்கியிருந்தார்.