மகனைக் கூப்பிட வந்தவர்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பேச்சு என்றால் வெல்லம். கூப்பிட்ட குரலுக்கு வருவதற்குத்தான் ஆள் கிடையாது. யாரையும் லேசில் நம்பாத கிழவர், வேறு போக்கிடம் இல்லாமல், சொற்பொழிவு முடியும்வரை காத்திருந்துவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தார்.

இளம் துறவி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“கிளம்பு தம்பி. ஆஸ்பத்திரியில அவளுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. மகன் வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கிடக்கா. ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டு வந்துடு.”

“உறவையெல்லாம் விட்டுட்டு வந்தவன் நான், பெரியவரே.”

“விட்டது விட்டதாவே இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ உசுரு ஒட்டிக்கிட்டிருக்கு. கால்ல வேணாலும் விழுறேன்.” கிழவர் குனிந்தேவிட்டார்.

துறவி பதறி எழுந்தார். “ஐயா, ஆள் மாறி வந்துட்டீங்க. நான் உங்க மகன் இல்லை.”

“தெரியும். என் மகன் போன மாசம் லாரியில அடிபட்டுப் போயிட்டான். அவகிட்ட இன்னும் சொல்லலை. அவளுக்குக் கண்ணு தெரியாது. உன் குரல் அப்படியே அவன் குரல்.”

“அதுக்காக, நான்தான் அவன்னு சாகக் கிடக்கிறவங்ககிட்ட பொய் சொல்ல முடியுமா?”

“எல்லா உடம்புலயும் இருக்கிறது ஒண்ணேதான், நீ வேற நான் வேற இல்லைன்னு இப்பத்தானே மைக்குல சொன்னே? அது பொய்யா?”

“அது தத்துவம், ஐயா. இது...”

கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அப்ப நீ வேற, நான் வேறதான்” என்று சொல்லிவிட்டு, தனியாகவே ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தார்.