நூற்றொன்பதாவது தேங்காய்

ஜெர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயிலில் அன்று தேர். வாசலில் தேங்காய்க் கடை போட்டிருந்த இரத்தினம் சொன்ன விலையைக் கேட்டதும் சந்திரகாந்திக்குத் திக்கென்றது.

“ஒரு தேங்காய் மூண்டு யூரோவோ அண்ணை? இவளுக்கு வேலை கிடைச்சா நூற்றெட்டு உடைக்கிறன் எண்டு நாலு வருசத்துக்கு முந்தி நேத்தி வைக்கேக்க ஒண்டரைதானே.”

பக்கத்தில் நின்ற மகள் கவிசா மெதுவாகச் சொன்னாள். “அம்மா, நீங்கள் அப்ப நினைச்ச காசுக்கு இப்ப எவ்வளவு வருமோ அவ்வளவு மட்டும் வாங்குவம். அம்பத்துநாலு காணும்.”

“அம்மனிட்டை நான் காசுக்கணக்குச் சொல்லேல்லைப் பிள்ளை. தேங்காய்க்கணக்குத்தான் சொன்னனான்.”

இரத்தினம் சாக்கை அவிழ்த்தார். “நான் என்ன செய்யிறது தங்கச்சி? எனக்கும் ஏத்தித்தான் தாறாங்கள். விலைவாசியைப் பாத்துக்கொள்ள எண்டு பெரிய படிப்புப் படிச்ச ஆக்களுக்குச் சம்பளம் குடுத்து வைச்சிருக்கினம். அவை என்னத்தைப் பாக்கினமோ தெரியாது.”

கவிசா தேரைப் பார்க்கத் தொடங்கினாள்.

நூற்றெட்டையும் எண்ணிப் போட்ட பிறகு அவர் கேட்டார். “பிள்ளைக்கு எங்கை வேலை?”

சந்திரகாந்தி பெருமையை மறைக்கவில்லை. “பிராங்க்பேர்ட்டிலை, மத்திய வங்கியிலை. விலைவாசி ஏறாமல் பாக்கிற பகுதியாம்.”

இரத்தினம் கவிசாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு தேங்காயை எடுத்துச் சாக்கின் மேலே வைத்தார்.

“இதுக்குக் காசு வேண்டாம். அதெல்லாம் பிள்ளைக்கு வேலை கிடைச்சதுக்கு. இது, பிள்ளை வேலை செய்யிறதுக்கு.”