யாழினியின் வரிகள்

எங்கள் வீட்டை இயக்கும் கணினி நிரல் முழுவதும் குடும்பத்தார் எழுதியது. வெளியார் ஒரு வரியும் தொட்டதில்லை. பழைய சர்வர் இன்று மாலை நின்றுவிடும். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வந்த பொறியாளர் பர்வீன் பாதியில் நிமிர்ந்தாள்.

"ஐயா, யாழினி யாரு? இந்தப் பேர்ல நிறைய வரி இருக்கு. குடும்பப் பட்டியல்ல ஆள் இல்லையே."

தன் இஷ்டத்துக்கு மணந்து போனவளின் பெயரை நீக்கியவன் நான்தான்.

"அந்த வரிகளை விட்டுடும்மா."

"விட்டா வீடு அம்மாவுக்கு வழி சொல்லாது."

என் மனைவி வேதவல்லிக்குப் பார்வை இல்லை. படி வருகிறது, அடுப்பு எரிகிறது என்று அவளுக்குச் சொல்பவை அந்த வரிகள். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"என் பேரைப் போடு."

வேதவல்லி சிரித்தாள். "எழுதினது அவ, பேரு உங்களுதா? நல்ல கௌரவம்!"

"எழுதினவங்க பேரும் இப்போதைய விலாசமும் இருந்தாத்தான் புது சர்வர் ஏத்துக்கும்" என்றாள் பர்வீன்.

மறுபடி உட்கார்ந்தேன்.

"யாழினி. என் மகள். கூடுவாஞ்சேரி, ஏரிக்கரைத் தெரு."

"அவ எங்க இருக்கான்னே தெரியாதுன்னு இத்தனை வருஷமா சொன்னீங்களே?" என்றாள் வேதவல்லி.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எட்டாவது மாடி" என்றேன் பர்வீனிடம். "கதவு எண் பதினான்கு. அதையும் சேர்த்துப் போடு."